எம்புட்டு பாய்க்கு என்ன விலை?

உலகத்துக் கால்பந்து கிளப்புகளைப் பற்றி ராஜபாளையத்திலேயே அதிகம் தெரிந்த மனிதர், தன் வாழ்நாளில் ஒரு கோல் விழுந்துகூடப் பார்த்ததில்லை. இதை எந்தச் சபையில் வேண்டுமானாலும் சொல்வேன். டீக்கடை டிவியில் மேட்ச் ஓடினால் அதற்கு முதுகைக் காட்டித்தான் உட்காருவார். எங்கள் மைதானத்தில் ஆட்டம் சூடு பிடித்தால், சரியாக அந்த நேரம் பார்த்து வடை வாங்கப் போய்விடுவார். "பந்து எங்க போனா எனக்கென்னலே? ஆளு எங்க போறான், அதப் பாரு" என்பார்.

அவருடைய சொந்தப் பெயரை ஒரு கல்யாணப் பத்திரிகையில் ஒரே ஒரு தடவை படித்தேன், மறந்துவிட்டது. ஊருக்கு அவர் எம்புட்டு பாய். மில்களில் மிஞ்சும் கழிவுப் பஞ்சை வாங்கி, தூசி தட்டித் தரம் பிரித்து, மெத்தைக்காரர்களுக்கும் மட்ட ரக நூல் நூற்பவர்களுக்கும் விற்பது தொழில். குடோன் சுவரில் ஒரு ஆள் உயரத்துக்குக் கரும்பலகை. அதன் இடது பாதியில் அன்றைய பஞ்சு விலை. வலது பாதியில் வெளிநாட்டுக் கால்பந்து கிளப்புகள்.

கிளப்பின் பெயரை எழுத மாட்டார். சிவப்பு, நீலம், வெளிர்நீலம், வெள்ளை என்று சட்டையின் நிறத்தை மட்டும் எழுதுவார். "ஓனரு மாறுவான், கோச்சு மாறுவான், சட்டை மாறாது" என்பது அவர் கட்சி. ஒவ்வொரு நிறத்துக்கும் நேராக மூன்று கட்டம்: வாங்கினது, வித்தது, மீதி. பவுண்டு, யூரோ எதுவும் அவரிடம் செல்லாது. எல்லாவற்றையும் கண்டியாக மாற்றித்தான் எழுதுவார். கண்டி என்பது பஞ்சுக்கு விலை பேசுகிற அளவு, நகைக்கடையில் பவுன் மாதிரி. ஐரோப்பாவில் ஒரு ஸ்ட்ரைக்கர் விமானம் ஏறினால், அவன் எத்தனை கண்டிப் பஞ்சுக்குச் சமம் என்று மறுநாள் காலை ராஜபாளையத்தில் தெரிந்துவிடும்.

பெயர் வந்த கதை இது. குடோனுக்கு எதிர் டீக்கடையில் மில் ஃபிட்டர் செல்வமும் ஜெராக்ஸ் கடை கண்ணனும் தினமும் முட்டிக்கொள்வார்கள். செல்வம் சிவப்புக் கட்சி, கண்ணன் நீலக் கட்சி. இரண்டு பேருமே விமான நிலையத்தை வெளியிலிருந்துகூடப் பார்த்ததில்லை. ஆனால் பேச்செல்லாம் "நாங்க", "நீங்க" என்றுதான் இருக்கும்.

"இந்த வருசம் நாங்க அஞ்சு பேர எறக்கிருக்கோம். கோடி கோடியா கொட்டிருக்கோம்" என்றான் செல்வம்.

"நாங்க எட்டு பேரு" என்றான் கண்ணன்.

"காசு இருக்குன்னு கொட்டுதீக. வெறும் ஊதாரிப் பயக கிளப்புல்லா அது."

குடோனுக்குள்ளிருந்து, பஞ்சை விரலால் இழுத்துப் பார்த்தபடி, தலையைத் தூக்காமல் ஒரு குரல் வந்தது: "வாங்குனத வாய் வலிக்கச் சொல்லுதீகளே. வித்தது எம்புட்டு?"

 இரண்டு பேருக்கும் யார் வந்தான் என்று தெரியும், யார் போனான் என்று யோசித்ததே இல்லை. போனை நோண்டித் தேடினார்கள். பாய் சாக்பீஸை எடுத்தார். அரைமணி நேரம் கழித்துப் பலகையில் தெரிந்த விஷயம் இதுதான்: சிவப்பு, வாங்கியதை எல்லாம் தங்க விலைக்கு வாங்கி, விற்றதை எல்லாம் தவிட்டு விலைக்கு விற்றிருந்தது. இரண்டு பேரைச் சும்மாவே அனுப்பியிருந்தது. நீலம் அள்ளி அள்ளி வாங்கியிருந்தாலும் அதே வேகத்தில் நல்ல விலைக்கு விற்றும் இருந்தது. கழித்துப் பார்த்தால் செல்வத்தின் கிளப்தான் ஊதாரி. கண்ணன் சிக்கனக்காரன். பல வருஷமாக ஊதாரிப் பட்டம் சுமந்த கண்ணன் அன்றைக்குக் கடையில் இருந்த எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்தான். கிளப்பிடமிருந்து சிக்கனத்தை அவன் கற்றுக்கொள்ளவில்லை.

அன்றிலிருந்து அவர் எம்புட்டு பாய்.

பின்னால் யோசித்துப் பார்த்தபோது, அந்தக் கேள்வி கால்பந்தோடு நிற்கிற கேள்வி இல்லை என்று எனக்குப் பட்டது. வாங்கினதைத்தான் நாம் ஊருக்குச் சொல்கிறோம், அதற்குப் பூவும் பொட்டும் வைத்துப் படம் எடுக்கிறோம். அதற்காக எது கைவிட்டுப் போனது என்பதை வீட்டுக்குள்கூடப் பேசுவதில்லை. பாய்க்கு மட்டும் இந்த நாசூக்கு கிடையாது. கண்ட இடத்திலும் கேட்டுவிடுவார்.

எங்கள் மில் சூப்பர்வைசர் ஒருவர் மாடி வைத்து வீடு கட்டிப் பால் காய்ச்சினார். கிரானைட் தரை, தேக்குக் கதவு, வாசலில் யானைத் தலை. ஊர் வாயைப் பிளந்துகொண்டு சுற்றிப் பார்த்தது. பாயும் மூன்று தடவை மாடி ஏறி இறங்கிவிட்டு, இலையில் உட்கார்ந்ததும் கேட்டார்: "எல்லாம் நல்லாருக்கு. வித்தது எம்புட்டு?" சூப்பர்வைசர் சிரித்து மழுப்பினார். சாம்பார் வாளியோடு நின்ற அவர் மனைவி மட்டும் சிரிக்கவில்லை. "தேவதானத்து வயலு பாய். எங்கய்யா எனக்குன்னு குடுத்தது" என்றார். பாய் வாயில் வைத்த சோற்றை விழுங்கிவிட்டு, "அப்பம் இது உன் வீடும்மா" என்றார். அந்த அம்மா அதன் பிறகு அந்த வீட்டில் நடந்த விதமே வேறு என்று சொல்வார்கள். ஆனால் புதுமனை புகுவிழாக்களுக்குப் பாயை அழைப்பது அத்தோடு வெகுவாகக் குறைந்துவிட்டது.

வெளிநாட்டில் ஆள் மாற்றும் சந்தை அடைத்த மறுநாள் காலை அவருக்குப் பெருநாள். துவைத்த சட்டை போட்டு, பலகையைத் துடைத்து, புதுக் கணக்கு எழுதுவார். நாங்கள் ஏழெட்டுப் பேர் வேலைக்குப் போகிற வழியில் சைக்கிளையும் வண்டியையும் நிறுத்திவிட்டு நின்று படிப்போம். அப்படி ஒரு காலையில், சிவப்பு தன் ஊரிலேயே பிறந்து வளர்ந்த பையன் ஒருவனைப் பெரிய விலைக்கு விற்றிருந்தது. செல்வத்துக்கு அழுகையே வந்துவிட்டது. கண்ணன் சும்மா இருக்காமல், "ஏன் பாய், அவன அவுக யார்கிட்டயும் வாங்கலையே. அப்பம் வந்தது முழுசும் லாபந்தான?" என்றான்.

பாய் சாக்பீஸை உருட்டிக்கொண்டே நின்றார். "லாபந்தான். வாங்காத சரக்க வித்தா அம்புட்டும் லாபந்தான். ஆனா அத எழுதும்போது கை கூசும்ல" என்றார். அந்த ஒரு கட்டத்தை மட்டும் அன்று முழுக்கக் காலியாகவே விட்டிருந்தார். சாயங்காலம்தான் எழுதினார்.

இப்பேர்ப்பட்டவர்தான் எங்கள் கால்பந்து அணிக்குச் செயலாளர். ஆட்டமே பார்க்காதவர் எப்படிச் செயலாளர் ஆனார் என்று கேட்கக் கூடாது. மைதானத்தை ஒட்டி அவர் குடோன் இருந்தது. பந்து, கொடி, சட்டை எல்லாம் அங்கேதான் வைப்போம். சாவி யாரிடம் இருக்கிறதோ அவர்தான் செயலாளர், இதுதான் எங்கள் சட்டதிட்டம்.

எங்கள் பக்கத்தில் ஏழு பேர் ஆடும் போட்டிகள் அதிகம். அதில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு அணியில் பெயர் பதிந்தவன் இன்னொரு அணிக்குப் போக வேண்டுமானால், பழைய அணியின் செயலாளர் கையெழுத்துப் போட்ட விடுப்புச் சீட்டு வேண்டும். மற்ற ஊர்களில் அது வெறும் காகிதம். ஒரு டீயும் பஜ்ஜியும் வாங்கிக் கொடுத்தால் கையெழுத்து கிடைத்துவிடும். பாய் வந்த பிறகு எங்கள் சீட்டுக்கு விலை வந்தது. ஆனால் காசாக ஒரு பைசா வாங்க மாட்டார். "காசு வாங்குனா ஆளையே வித்த மாதிரி இருக்கும்லே. சாமானா வாங்குனா சம்பந்தம் பேசுன மாதிரி இருக்கும்" என்பார்.

எங்கள் அணியிலேயே பறக்கிற கால், இடது பக்கம் ஆடும் மாரி. அவனை ஸ்ரீவில்லிபுத்தூர் அணிக்கு இரண்டு கோல் வலைக்கும், மைதானத்தில் கோடு போட ஒரு மூட்டை கோலமாவுக் கல்பொடிக்கும் விற்றார். அந்த வருஷ இறுதி ஆட்டம் எங்கள் மைதானத்தில், அவர்களோடு. நாலு கோல் வாங்கினோம். நாலும் மாரி போட்டது, நாலும் மாரிக்காக நாங்கள் வாங்கிய வலையிலேயே விழுந்தது. வடைப் பொட்டலத்தோடு திரும்பி வந்த பாய் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "வலை ஒண்ணும் கிழியலல்ல?"

இப்படியே வருஷத்துக்கு ஒரு நல்ல ஆட்டக்காரன் போவான், வருஷத்துக்கு ஒரு நல்ல சாமான் வரும். ஒரு கட்டத்தில் எங்களிடம் வலை, மூலைக்கொடி, உட்கார பெஞ்சு, முதலுதவிப் பெட்டி, தண்ணீர்க் கேன் எல்லாம் இருந்தன, கோப்பை ஒன்றுதான் இல்லை. அது உண்மைதான். ஆனால் வலையும் பெஞ்சும் இருக்கிற மைதானம் என்று சுற்றுவட்டாரமே எங்களிடம் ஆட வந்ததும் உண்மை. ஆட்டக்காரர்கள் போகப் போக ஆட்டம் மட்டும் எங்களிடமே தங்கிவிட்டது.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். மில் ஆபீஸில் கிளார்க் வேலை முடிந்து சாயங்காலம் அணியில் டிபன்ஸ் ஆடுவேன். என்னை மூன்று வருஷம் பாய் சந்தையில் வைத்திருந்தார், ஒருவரும் விலை கேட்கவில்லை. கடைசியில் ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்கள் பந்துக்குக் காற்றடிக்கிற பழைய பம்பு ஒன்று தருவதாகச் சொல்லி அனுப்பினார்கள். பாய் பம்பை வாங்கி நாலு அடி அடித்துப் பார்த்தார். "வாசர் போயிருக்கு, வேண்டாம்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். அன்றைக்கு என் சந்தை நிலவரம் வாசர் இல்லாத ஒரு பம்புக்கும் கீழே போனது. அதிலிருந்து எனக்கும் பம்பு என்றே பெயர்.

பாயின் சட்டப்படி ஒரு ஆள் அணியை விட்டுப் போக மூன்று வழி. விலைக்குப் போகலாம், அது மரியாதை. சும்மா போகலாம், அது மானக்கேடு, அணிக்கு இல்லை, போகிறவனுக்கு. மூன்றாவது, லோன், கொஞ்ச நாளைக்கு இரவலாகப் போய்த் திரும்பி வருவது. ஒரு சமயம் செண்பகத்தோப்பு ஃபாரஸ்ட் வாட்சர்கள் சேர்ந்து ஒரு அணி ஆரம்பித்து, எங்கள் கோல்கீப்பரை ஒரு சீசனுக்கு மட்டும் கேட்டார்கள். லோனுக்கு விடலாம் என்றான் செல்வம், எங்கள் கேப்டனும் அவன்தான். பாய் எரிந்து விழுந்தார்.

"லோனா? அது வியாபாரமாலே? விக்க மனசு வராதவன் பண்ற வேலை. ஒண்ணு வச்சுக்கோ, இல்ல வித்துரு. ரெண்டுக்கும் நடுவுல நின்னு மூக்கச் சிந்தக் கூடாது."

கோல்கீப்பரை ஒரு டார்ச் லைட்டுக்கு விற்றார்.

சும்மா போவதைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் பழைய கேப்டன் ஒருவருக்குக் கால் தளர்ந்துவிட்டது. மாற்றலாகி ஸ்ரீவில்லிபுத்தூர் போனார், அங்கே பெஞ்சில் உட்காரவாவது ஒரு இடம் கேட்டார். வயசான மனிதருக்கு என்ன விலை கேட்பது என்று, பாயிடம் சொல்லாமல் நாங்களே கையெழுத்துப் போட்டுச் சீட்டைக் கொடுத்துவிட்டோம். விஷயம் தெரிந்த பாய் பஸ் பிடித்து அவர்கள் மைதானத்துக்கே போய் நின்றார். "ஒரு எலுமிச்சம்பழமாவது குடுங்க. சும்மா வந்தவன்னு நாளைக்கு அந்த மனுசனை ஒருத்தன் சொல்லிரக் கூடாது" என்றார். கொடுத்தார்கள். பலகையின் அடியில், அவர் அழிக்காமல் வைத்திருந்த எங்கள் அணிக் கணக்கில் இன்னமும் இருக்கிறது: பழைய கேப்டன், எலுமிச்சம்பழம் ஒன்று.

இவ்வளவும் தெரிந்திருந்தும் நாங்கள் செய்த காரியத்தைத்தான் இப்போது சொல்லப் போகிறேன்.

பாயின் மனைவி இறந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. முழங்கால் இரண்டும் மடங்க மறுத்தன. ஸ்ரீவில்லிபுத்தூரில் மடவார் வளாகத்துப் பக்கம் கட்டிக் கொடுத்திருந்த மகள் பரிதா, தன்னோடு வந்தே ஆக வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தாள். பாய் வியாபாரத்தைத் தம்பி மகனிடம் கொடுத்தார். அணிச் சாமான்களின் சாவியை என்னிடம் கொடுத்தார், ஆகவே நான் செயலாளர்.

விஷயம் கேள்விப்பட்ட மறுநாளே ஸ்ரீவில்லிபுத்தூர் அணியிலிருந்து கடிதம் வந்துவிட்டது. அங்கே செயலாளர் மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவர், காயில் அண்ணாச்சி என்பார்கள். 'தங்கள் அணியின் பாய் அவர்கள் எங்கள் ஊருக்குக் குடிவருவதால், அவர்களை எங்கள் அணியின் ஆலோசகராகப் பதிந்துகொள்ள விடுப்புச் சீட்டு தரும்படி கேட்டுக்கொள்கிறோம்.' பாய் அதைக் கண்ணாடி போட்டு ஒரு தடவை, கண்ணாடியைத் துடைத்துப் போட்டு ஒரு தடவை படித்தார். "முறையா கேட்டுருக்கான்" என்று மட்டும் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் குடோனில் கூட்டம். பாய் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் முன்கூட்டியே வந்து இரும்பு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பலகையின் கடைசி வரியில் 'செயலாளர்' என்று அவரே எழுதி, விலைக் கட்டத்தைக் காலியாக விட்டிருந்தார். கையில் புது சாக்பீஸ். அந்தச் சாக்பீஸைப் பார்த்தும் எங்களுக்குப் புத்தி வரவில்லை.

செல்வம் எழுந்தான்.  "நம்ம பாய்க்கு நாம வெலை போடவா? நமக்கு என்ன யோக்கியதை இருக்கு? சும்மாவே அனுப்பி வைப்போம். அதான் நாம பண்ற மரியாதை" என்றான். எல்லாரும் கை தட்டினார்கள். சத்தமாகத் தட்டியவன் நான்தான். சீட்டைப் பிறகு எழுதிக்கொள்ளலாம் என்று, முதலில் ஒரு பொன்னாடை போர்த்தினோம்.

"சும்மாவா?" என்றார் பாய்.

"சும்மாதான் பாய். ஒங்களுக்குப் போயி வெலையா?"

அவர் சிரித்தார். பொன்னாடையை நாலாக மடித்து மடியில் வைத்துக்கொண்டார். பிறகு எழுந்துபோய், பலகையில் தான் எழுதிய கடைசி வரியை உள்ளங்கையால் அழித்தார். முழங்கால் வலியால் கொஞ்ச நேரம் சுவரைப் பிடித்து நின்றார் என்று நினைத்தோம். வைத்த டீ அப்படியே ஆடை கட்டிக் கிடந்தது.

மறுநாளே பாய் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். மூன்று நாள் கழித்துப் பரிதா போன் பண்ணினாள்.

"அண்ணே, அத்தா வந்ததுலருந்து சரியாவே சாப்பிட மாட்டேங்காக. என்னன்னு கேட்டா பசிக்கலங்காக. நேத்து தனியா உக்காந்து பேசிக்கிட்டிருந்தாக. 'ஒரு எலுமிச்சம்பழத்துக்குக்கூட என்னைய யாரும் கேக்கலையே'ங்காக. அது என்னண்ணே எலுமிச்சம்பழம்? ஆசைப்படுதாகளோன்னு வாங்கிட்டு வந்து குடுத்தேன். தொட்டுக்கூடப் பாக்கல."

 ஊரில் இருக்கிற ஒவ்வொருவனுக்கும் ஒரு விலை உண்டு, அதைக் கேட்டு வாங்குவதுதான் மரியாதை என்று பதினைந்து வருஷம் பலகையில் எழுதிக் காட்டிய மனிதர். அவரைத் தலைமேல் தூக்கி வைக்கிறோம் என்று நினைத்துக்கொண்டு, செல்லாக்காசாக்கி அனுப்பியிருக்கிறோம். மறுநாள் ஆபீஸுக்கு லீவு சொல்லிவிட்டு, சீட்டுப் புத்தகத்தைப் பையில் போட்டுக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஏறினேன்.

காயில் அண்ணாச்சி கடையில் அவிழ்த்துப் போட்ட மோட்டாருக்கு நடுவே உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. "வாங்க. நீங்கதான அந்தப் பம்பு?"

ஆமாம் என்று ஒப்புக்கொண்டு வந்த விஷயத்தைச் சொன்னேன். அவர் செம்புக் கம்பியைக் கீழே வைத்தார்.

"சும்மான்னு சொல்லிட்டு இப்பம் வெலைங்கீக. நாயமா இது?"

"சீட்டு இன்னும் எங்கிட்டதான் இருக்கு. வெலை இல்லாம கையெழுத்து இல்ல."

"ரெண்டு பந்து தாரேன்."

"ரெண்டு பந்துக்கு எங்க பாய் ஒரு த்ரோ போடுறவனக்கூட விக்க மாட்டாக."

"நடக்கவே முடியல அவுகளுக்கு. முட்டி ரெண்டும் போச்சு. மேட்ச்சும் பாக்க மாட்டாகளாம். ஒங்களுக்கே தெரியும்."

"அப்பம் எதுக்கு லெட்டர் போட்டீக?"

அவர் கையைத் துணியில் துடைத்துக்கொண்டார். பிறகு, "ஒவ்வொரு வருசமும் ஒங்ககிட்ட ஆளு வாங்கி கப்பு ஜெயிச்சது நாங்க. ஆனா ஆட்டம் பாக்க ஜனம் ஒங்க கிரவுண்டுக்குத்தான போகுது. அது யாரால?" என்றார். "என்ன வேணும், சொல்லுங்க."

நான் அவர் கடைக்கு எதிரே தெரிந்த மைதானத்தைப் பார்த்தேன். ஓரத்தில், தரையை மட்டம் தட்டுகிற அவர்களுடைய உருளை நின்றது. மூடிப்போன ஒரு மில்லிலிருந்து கிடைத்த இரும்பு உருளை, நாலு பேர் இழுக்க வேண்டும். சுற்றுவட்டாரத்தில் வேறு எந்த அணியிடமும் அப்படி ஒன்று கிடையாது. பாய் பல வருஷமாக அதன்மேல் கண் வைத்திருந்தார், அதற்கு ஈடான ஆட்டக்காரன் எங்களிடம் பிறக்கவில்லை என்பார்.

"உருளை" என்றேன்.

காயில் அண்ணாச்சி டீ சொன்னார். இன்னொரு டீ சொன்னார். வாசர் இல்லாத பம்புக்குக்கூடப் போகாதவன் ஒருவன் இப்படி இரும்பு உருளையையே கேட்பான் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. மூன்றாவது டீக்கு உருளை என்னுடையது.

சீட்டுப் புத்தகத்தைத் திறந்து பேனாவை எடுத்தேன். பெயர், அணி, எல்லாம் எழுதினேன். 'விலைக்கு' என்று எழுத வேண்டிய இடத்தில் பேனா நின்றுவிட்டது. பாயை நாங்கள் யாரிடமும் எதுவும் கொடுத்து வாங்கவில்லை. குடோன் வாசலில் பந்து வைக்க இடம் கேட்டுப் போனோம், அவரே வந்துவிட்டார். இப்போது வருகிற உருளை அம்புட்டும் லாபம். கை கூசும் என்று அவர் அன்றைக்குச் சொன்னது வார்த்தைக்குச் சொன்னதில்லை, நிஜமாகவே கூசுகிறது. எனக்கு அந்த மனிதரை விற்க மனம் வரவில்லை, அவ்வளவுதான் விஷயம். அந்த இடத்தில் வேறு ஒரு வார்த்தையை எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

காயில் அண்ணாச்சி வாங்கிப் படித்தார். "இதுக்கும் உருளை தரணுமா?"

"தரணும்."

"எம்புட்டு நாளைக்கு?"

"தேதி போடல" என்றேன். அவர் ஏறிட்டுப் பார்த்துவிட்டுத் தானும் கையெழுத்துப் போட்டார்.

பரிதா வீட்டில் பாய் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். நாலு நாளில் சட்டை ஒரு சுற்றுப் பெரிதாகத் தெரிந்தது. மேஜைமேல் எலுமிச்சம்பழம் சுருங்கிக் கிடந்தது. "வாலே பம்பு" என்றார், குரலில் சுரத்து இல்லை.

"காயில் அண்ணாச்சியப் பாத்துட்டு வாரேன் பாய். சும்மாவெல்லாம் அனுப்ப முடியாதுன்னு சொல்லிட்டேன்."

அவர் பார்வை ஜன்னலிலேயே இருந்தது. ஆனால் காது என் பக்கம் வந்துவிட்டது. "எம்புட்டு?" என்றார் மெதுவாக.

"அவுக உருளை."

"எந்த உருளை? கல்லா, இரும்பா?"

"இரும்பு பாய். நாளைக்கு லோடு ஆட்டோவுல நம்ம கிரவுண்டுக்கு வருது."

பாய் முகத்தைத் திருப்பினார். சந்தோஷத்தைக் காட்டிக்கொள்ளாமல் இருக்க உதட்டை ஒரு பக்கமாக இழுத்துப் பிடித்தார், பஞ்சு விலை ஏறும்போது பிடிப்பாரே, அதே மாதிரி. "முட்டி தேஞ்ச ஆளுக்கு இரும்பு உருளையா? ஏமாந்துட்டான்லே காயிலு" என்றார். பிறகு கையை நீட்டினார். "சீட்டக் காட்டு."

கொடுத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு விரலை ஒவ்வொரு வரியாக ஓட்டினார். நான் எழுதிய அந்த வார்த்தையில் விரல் நின்றது.

"ஏலே, லோனுன்னு எழுதிருக்க."

"ஆமா பாய்."

"லோனு யாரு பண்ற வேலைன்னு சொல்லிருக்கேன் ஒனக்கு?"

"விக்க மனசு வராதவன் பண்ற வேலைன்னு."

 அவர் சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார், அது அணியின் புத்தகத்தில் இருக்க வேண்டிய சீட்டு, நான் திருப்பிக் கேட்கவில்லை. கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைத்தார், கண்ணாடி இல்லாத கண்ணையும் அதே நுனியால் துடைத்தார். பிறகு அடுக்களைப் பக்கம் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"ஏட்டி பரிதா, சோறு இருக்கா? ரெண்டு தட்டு வை."